வடக்குக் கோடு

பாபின் எண்ணும் வேலை என்றுதான்
மில் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள்.
ஒரு பாபினைக்கூட அமலோற்பவநாதன் தொட்டதில்லை.
மாதம் நூற்றுத்தொண்ணூறு ரூபாய்
அவருடைய இடது கைக்கு.
மஞ்சள் கம்பளிப் பந்து
அந்தக் கையிலிருந்து கிளம்பினால்
எங்கே விழப்போகிறோம் என்று
பந்துக்கே கடைசியில்தான் தெரியும்.

எழுபத்து மூன்று.
மாசி மகத்துக்கு மறுநாள் இரவு.
தேவனாம்பட்டினத்தில் குளித்த சாமிகள்
இன்னும் சில ஊர் போய்ச் சேரவில்லை.
மஞ்சக்குப்பம் மைதானத்தில்
பூப்பந்து இறுதி ஆட்டம்.
சவுக்குக் கழி கட்டிய காலரி,
நாற்காலி ஒரு ரூபாய், தரை நாலணா,
கம்பத்துக்கு எட்டு டியூப் லைட்.
புதுச்சேரி மில்லுக்கு எதிரே நெய்வேலிக்காரர்கள்.
சிறந்த ஆட்டக்காரருக்கு
பண்ருட்டி அன்பர் ஒருவர்
இரண்டு கிலோ முந்திரி தருவதாக
மைக் மூன்று முறை சொன்னது.

எனக்கு இருபத்தோரு வயது,
தாலுக்கா ஆபீசில் தற்காலிகத் தட்டச்சன்.
ஒரு டீ, ஒரு பன், கூலி அவ்வளவுதான்.
வடக்குக் கோடு என்னுடையது.

மூன்றாவது ஆட்டம்.
இருபத்தெட்டு, இருபத்தேழு. நெய்வேலி சர்வீஸ்.
பனியில் மட்டைகளின் நரம்பு தொய்ந்து
அடியெல்லாம் ஈரத்துணி உதறும் சத்தம்.
வலைக்கு மேலே பதினோரு முறை
போய் வந்தது பந்து.
பன்னிரண்டாவதை அவர் ஓங்கவில்லை,
சும்மா தள்ளினார்.
அப்போது பார்த்து
கெடிலத்துப் பக்கமிருந்து ஒரு காற்று.
அப்போது பார்த்து
என் கண்ணில் ஒரு விளக்குப்பூச்சி.

இரண்டு கையையும் விரித்தேன்.
அவுட்.

சுண்ணாம்பு கொஞ்சம் புகைந்து எழுந்ததை
விரித்த பிறகுதான் பார்த்தேன்.

காலரி எழுந்தது. கோலி சோடா மூடியோடு பறந்தது.
அவர் மட்டும் நடந்து வந்து
பந்தை எடுத்து, ஊதி,
கால்சட்டையில் இரண்டு முறை துடைத்து
நடுவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.
துடைத்த இடத்தில் வெள்ளையாக ஏதாவது இருந்ததா?
இருந்தது என்றுதான்
நாற்பது வருஷம் ஃபைல்களுக்கு நடுவே
எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.
வேலை நிரந்தரமானது, கல்யாணம் ஆனது,
வீட்டில் டியூப் லைட் சிமிட்டினால் மட்டும்
எழுந்து போய் அணைத்துவிடுவேன்.
மில் மூடினார்கள் என்று கேட்டபோது
அதற்கும் நான்தான் காரணம் என்று
ஒரு ராத்திரி முழுக்கத் தோன்றியது.

போன நவம்பரில்
மகள் வீட்டோடு நான் வந்து சேர்ந்த முதலியார்பேட்டை.
உயிரோடிருக்கிறோம் என்று சொல்ல
வங்கியில் வரிசை.
எனக்கு முன்னால் ஒருவர்.
அவர் இடது கட்டைவிரலை
இயந்திரம் ஏற்கவே மாட்டேன் என்றது.
தேய்ந்துபோச்சு சார், வேற விரல் வைங்க.
பெயரைப் படித்தாள் அந்தப் பெண்.
எனக்குத் தொண்டை அடைத்தது.

சொன்னேன். எல்லாவற்றையும்.
பூச்சியை, புகையை, விரித்த கையை.

அவர் பொறுமையாகக் கேட்டார்.
"வடக்குக் கோடா? அங்க நின்னது குப்புராஜ்.
நெட்டையா இருப்பான், சைக்கிள் கடை."
இல்லைங்க, நான்தான்.
"நீங்க இல்ல சார். குப்புராஜ்.
பந்தும் வெளியிலதான் விழுந்துது,
நான்தானே அடிச்சேன், எனக்குத் தெரியாதா?"
கொஞ்சம் யோசித்து,
"அந்த முந்திரிதான் கடைசிவரைக்கும் வரல."

மன்னிப்புக் கேட்கப் போனவன்
சண்டைக்கு நின்றேன்.
என் கோடு அது. என் பூச்சி.
ஐம்பது வருஷமாய் என்னுடையதை
எவனோ சைக்கிள் கடைக்காரனுக்கு
எழுதிக் கொடுக்க நீங்கள் யார்?
இப்படி, இப்படித்தான் நின்றேன் என்று
வங்கிக்கு நடுவில்
இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

"பெரியவரே," என்றான் காவலாளி,
"கையை மடக்குங்க,
பின்னாடி ஆள் வராங்க."